பேர் சொல்லாத ஜெபம்

இல்லம்மா, உள்ள வரல. இந்தப் படியிலேயே உக்காந்துக்கிடுதேன். இங்க இருந்தாத்தான் எம் மவ வீட்டு வாசல் நேரா தெரியுது. என்னது, சேரா? எதுக்கு உங்களுக்குச் சிரமம்? சரி, போடுங்க. முட்டு மடக்க முடியல. சாத்தான்குளத்துல ஏறுனவ தூத்துக்குடி வர நின்னுக்கிட்டே வந்திருக்கேன். காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தன் காதுல எதையோ சொருகிக்கிட்டு கண்ண மூடி உக்காந்திருக்கான். வயசான பொம்பள நிக்காளே, எந்திச்சு இடம் குடுப்போம்னு தோணணும்லா? நான் ஒண்ணும் நினைக்கல. அவன வளத்த விதம் அப்படி.

நான் கெசியாவுக்கு அம்மா. லில்லி புஷ்பம். அவ உங்ககிட்ட சொல்லியிருப்பாளே? சொல்லியிருக்காளா? என்ன சொன்னா? ஒண்ணும் சொல்லலன்னு சொல்லுதிய, ஆனா உங்க முகத்தப் பாத்தா என்னமோ சொல்லியிருக்கா. சரி, விடுங்க. உங்களச் சங்கடப்படுத்தப்படாது.

நீங்க தையல நிறுத்தாதிய. தச்சுக்கிட்டே கேளுங்க, மிஷின் சத்தம் எனக்குப் பிடிக்கும். வீட்டுல ஒத்தையில கிடந்து கிடந்து எந்தச் சத்தம் கேட்டாலும் நல்லாத்தான் இருக்கு. அவுக போய்ச் சேந்தப்புறம் ஒரு ஆளுக்கு என்னத்தப் பொங்க? காலையில பொங்குனத ராத்திரியும் தின்னுட்டுப் படுத்துக்கிடுதேன். படுத்தாலும் தூக்கம் வரமாட்டேங்கு.

செக்கப்புக்கா போயிருக்கா? தனியாவா? ஒம்பதாம் மாசம் பிறந்துட்டு, இப்படி ஆட்டோவுல தனியாப் போகலாமா? மாப்ள வேலைக்குப் போயிருப்பாரு. வேலைக்கு ஒழுங்காப் போறாருல்லா? இல்ல, சும்மா கேட்டேன். ஏசி மெக்கானிக்குன்னா ஒருநாள் வேலை இருக்கும், ஒருநாள் இருக்காது, அதான்.

சாவி உங்ககிட்டதான் குடுத்துட்டுப் போவா, இல்லியா? ஐயோ, நான் கேக்கலம்மா. அவ சொல்லாம நீங்க தொறக்கப்படாது, அது சரிதான். நான் இங்கனயே இருக்கேன்.

தலைப்பிரசவம். தாய் வீட்டுலதான் பாக்கணும், உங்களுக்குத் தெரியாததா? ஏழாம் மாசமே நான் வந்து கூட்டிட்டுப் போயிருக்கணும். போன் எடுக்கல. எட்டுல கூப்பிடப்படாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். ஒம்பது பிறந்ததும் மனசு கேக்கல. உளுந்த மாவு திரிச்சு, கருப்பட்டி வாங்கி, நல்லெண்ணெய் ஆட்டி, இன்னா இந்தப் பையி முழுக்க அதுதான். அவளக் கையோட கூட்டிட்டுப் போகணும்னு வந்திருக்கேன். வருவாளா, மாட்டாளா, கதவையாவது தொறப்பாளா, ஒண்ணும் தெரியல. ஈஸ்டர் கழிஞ்சதுலருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. பெத்த பிள்ளை வலியில துடிக்கும்போது நான் அங்க சாத்தான்குளத்துல உக்காந்து கோழிக்கு அரிசி போட்டுக்கிட்டு இருக்கணுமா?

நடந்தத உங்ககிட்ட சொல்லுதேன். எம்மேல என்ன தப்புன்னு நீங்களே சொல்லுங்க. நீங்க வேற ஆளு, சாமி படமெல்லாம் வச்சிருக்கிய. அதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எனக்கு யாரையும் குத்தம் சொல்ற பழக்கம் கிடையாது.

எங்க கோயில்ல மாசத்துல மொத ஞாயித்துக்கிழமையும் பண்டிகைக்கும் திருவிருந்துன்னு ஒண்ணு உண்டு. அப்பமும் திராட்சரசமும் குடுப்பாங்க. வரிசையாப் போயி, பீடத்துக்கு முன்னால முழங்கால் போட்டு வாங்கணும். எல்லாருக்கும் ஒரே கிண்ணம். ஐயரு வாயில வச்சு விடுவாரு. ஐயருன்னா உங்க ஐயரு இல்ல, எங்க பாதிரியார நாங்க ஐயருன்னுதான் சொல்லுவோம். மனசுல பாவத்த வச்சுக்கிட்டு அந்தக் கிண்ணத்தத் தொடப்படாது. அதனால ஒரு ஆளு போகாம பெஞ்சிலேயே உக்காந்திருந்தா, என்னமோ இருக்குன்னு அர்த்தம். நாங்க யாரும் வேணும்னு பாக்கிறதில்ல. வாங்கிட்டுத் திரும்பி வரும்போது கண்ணு தன்னால போகும். எமிலின்னு ஒருத்தி, எங்க தெருதான், ஒருக்கா போகல. என்னன்னு பாத்தா கொழுந்தனோட சண்ட, முகத்துல முழிக்கிறதில்ல. அவளாச் சொல்லல. பெஞ்சில உக்காந்திருந்தாளா, நாங்களாக் கண்டுபிடிச்சிட்டோம்.

கல்யாணம் முடிஞ்ச புதுசுல மாப்ள, அதான் தனசிங்கு, ஒழுங்கா எந்திச்சு வந்து வாங்கிட்டுதான் இருந்தாரு. நடுவுல ஒரு வருசம் ரெண்டு பேரும் ஊருப்பக்கமே வரல. கேட்டா வேலை, வேலை. கடைசியில போன கிறிஸ்மஸுக்கு வந்தாங்க. வந்தவரு ஆளே வேறயா இருந்தாரு. மெலிஞ்சு, கன்னம் ஒட்டி, எதக் கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டிக்கிட்டு. முன்னால நல்லா சத்தம் போட்டுப் பேசுவாரு, சிரிப்பாரு, பாட்டுகூடப் பாடுவாரு. அது எனக்குப் பிடிக்காதுதான், ஆனாலும் ஒரு மனுசன் திடீர்னு அடங்கிப் போனா சந்தேகம் வராதா?

கிறிஸ்மஸ் ஆராதனை. எங்க பெஞ்சு எந்திச்சாச்சு. இவரு இருந்த இடத்துல இருக்காரு. காலத் தூக்கி ஒதுங்கி, நாங்க போக வழி விடுதாரு! நான் பீடத்துல முழங்கால் போட்டு இருக்கேன், நினைப்பெல்லாம் பின்னால. திரும்பி வாறேன், தலைய குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. புது வருசத்துக்கும் அப்படித்தான். அடுத்த மாசமும் அப்படித்தான். பெஞ்சுப் பெஞ்சா எல்லாக் கண்ணும் அவருமேல இருக்கு. எனக்கு முதுகெல்லாம் கூசுது.

கெசியாகிட்ட கேட்டேன். "விடும்மா, அவரு இஷ்டம்"ன்னா.

மாப்ளகிட்ட நான் கேக்கல. எப்படிக் கேக்க? வீட்டு மருமவனப் பாத்து, நீரு ஏன் திருவிருந்து எடுக்கலன்னு கேக்குறதுக்கு நான் என்ன விவரங்கெட்டவளா? மனுசன்கிட்ட கேக்குறதவிட கர்த்தர்கிட்ட கேக்கிறது மேலு. அதனாலதான் ஜெபக்குறிப்பு குடுத்தேன்.

ஜெபக்குறிப்புன்னா, லெந்து காலம், அதாவது ஈஸ்டருக்கு முன்னால நாங்க உபவாசம் இருக்கிற நாளு, வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் சங்கத்துல ஜெபக்கூட்டம் நடக்கும். யாருக்கு என்ன கஷ்டமோ எந்திச்சுச் சொல்லலாம். எல்லாரும் சேந்து அதுக்காக ஜெபிப்போம். அடுத்தவங்க விசயமா இருந்தா பேரு சொல்லப்படாதுன்னு ஒரு சட்டம் உண்டு. அத நான் இம்மி அளவு மீறல. எந்திச்சு என்ன சொன்னேன் தெரியுமா? "தூத்துக்குடியில ஒரு தம்பி. ஏசி ரிப்பேர் பாக்காரு. ஊருக்கு மாமியார் வீட்டுக்கு வருவாரு. கொஞ்ச நாளா திருவிருந்துல கலந்துக்கிட மாட்டேங்காரு. மறைவா என்னமோ ஒரு பாவம் பிடிச்சு வச்சிருக்கு. ஜெபிச்சுக்கோங்க." அவ்வளவுதான். பேரு சொன்னேனா?

நீங்க சிரிக்கிய. சிரிக்கலியா? சரி.

டெய்சின்னு ஒருத்தி, அவதான் சங்கத்துக்குச் செயலாளர். குரலெடுத்தா ஓடு அதிரும். அவ ஆரம்பிச்சா. "ஆண்டவரே, அந்தத் தம்பிய மயக்கி வச்சிருக்கிற பொம்பளையோட கட்டுகள அறுத்துப் போடும்." எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. பொம்பளையா? அவ முடிக்கவும் அடுத்தவ தொடங்குதா. "அந்தப் பொம்பளைக்கு எடுத்துக் குடுத்திருக்கிற வாடகை வீட்டுக்குள்ள உம்முடைய வெளிச்சம் போகட்டும்." அதுக்கடுத்தவ, "அவங்களுக்குப் பிறந்த பிள்ளை என்ன பாவம் செஞ்சுது, அந்தச் சின்னஞ்சிறுச காப்பாத்தும்"ன்னு தேம்பித் தேம்பி அழுதா. எல்லாரும் ஆமென் சொல்லி கண்ணத் தொறக்கும்போது எம் மருமவனுக்கு இன்னொரு குடும்பம் அப்படியே கண்ணு முன்னால நிக்கு.

பொம்பளங்கிற வார்த்தையே என் வாயிலருந்து வரலம்மா. நான் சொல்லாத ஒண்ணு ஜெபத்துல வருதுன்னா அது யாரு வெளிப்படுத்துனது? ஆவியானவர்தானே? டெய்சியப் பத்தி எனக்கு ஆயிரம் தெரியும், அவ மூத்த மவன் பண்ணுற கூத்து ஊருக்கே தெரியும், நான் அதெல்லாம் பேசமாட்டேன். ஆனா ஜெபத்துல பொய் சொல்லுவாளா? நான் நம்பிட்டேன்.

நம்புனப்புறம் தாய் சும்மா இருப்பாளா? அன்னைக்கு சாயங்காலமே கெசியாவுக்குப் போன் போட்டு, உம் புருசன் எங்க போறாரு, எங்க வாறாருன்னு கவனிச்சுக்கோன்னேன். மொதல்ல சிரிச்சா. யாரும்மா உனக்குச் சொன்னான்னா. ஜெபத்துல வந்துச்சுன்னேன். சிரிப்பு நின்னுட்டு. அப்படியே போன வச்சிட்டா. அப்ப அவ மாசமா இருக்கான்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இதமா, பதமாத்தான் சொன்னேன்.

அது எப்படியோ இங்க தூத்துக்குடி வரைக்கும் வந்துட்டு. மாப்ளயோட அம்மா காதுக்கே போயிட்டு. அந்த அம்மா பச்சத்தண்ணி குடிக்காம அழுதாளாம். நான் யாருகிட்டயும் மூச்சு விடல. ஜெபத்துல இருந்தவங்களும் ஒரு நாப்பது அம்பது பேருதான்.

காப்பியா? குடுங்க. சீனி கொஞ்சமாப் போடுங்க. நீங்க நல்லாருக்கணும்.

பெரிய வியாழக்கிழமை வந்துச்சு. இயேசுசாமி சிலுவைக்குப் போறதுக்கு முந்தின நாளு, சாயங்காலம் திருவிருந்து உண்டு. வருசத்துல அதுதான் பெருசு. ரெண்டு பேரும் மத்தியானமே வந்துட்டாங்க. நான் அடுப்படியில வச்சு கெசியாகிட்ட சொன்னேன். சத்தமாச் சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னேன். "இன்னைக்கும் உம் புருசன் பெஞ்சிலேயே உக்காந்திருந்தாருன்னா நான் இந்தத் தெருவுல நடக்க முடியாது பாத்துக்கோ"ன்னேன். அவரு அடுத்த அறையில சட்ட தேச்சுக்கிட்டு இருந்தாரு. தேக்கிற சத்தம் நின்னுது. வெளிய வந்தாரு.

"நான் போறேன் அத்தே." அவ்வளவுதான் சொன்னாரு.

கெசியா ஓடிப்போயி அவரு கையப் பிடிச்சுக்கிட்டா. "வேண்டாங்க. யாரு என்ன சொன்னா நமக்கென்ன, வேண்டாங்க"ன்னு கெஞ்சுதா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. புருசன் திருவிருந்துக்குப் போறத எந்த ஊருலயாவது பொண்டாட்டி தடுப்பாளா?

கோயில்ல எனக்குப் பக்கத்துலதான் முழங்கால் போட்டாரு. அப்பத்த வாங்கினாரு. கிண்ணம் வரும்போது உடம்பு நடுங்குச்சு. நல்லாவே நடுங்குச்சு, என் தோள்ல இடிச்சுது. பாவம் உணர்த்தப்படுதுன்னு நான் உள்ளுக்குள்ள ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டேன். குடிச்சாரு. எனக்குச் சந்தோசத்துல கண்ணுல தண்ணி ஊத்துது. திரும்பி வரும்போது டெய்சியப் பாத்துத் தலையாட்டினேன். அவளும் ஆட்டுனா. எங்க ஜெபம் கேக்கப்பட்டுதுன்னு அந்த ஒரு ராத்திரி நிம்மதியாத் தூங்குனேன். அதுக்கப்புறம் நான் அப்படித் தூங்கல.

விடிஞ்சு பெரிய வெள்ளி. காலையில ஆளக் காணல. செருப்பு இல்ல. செல்போன வீட்டுலயே போட்டுட்டுப் போயிட்டாரு. கெசியா தேடக் கிளம்பிட்டா. நான் கோயிலுக்கு வான்னேன், மத்தியான ஆராதனை தவறப்படாதுல்லா, அவ என்ன ஒரு பார்வை பாத்தா பாருங்க. வயித்துப் பிள்ளையோட அந்த வெயில்ல சாத்தான்குளம் பூரா அலைஞ்சிருக்கா. நாங்க எல்லாரும் வெள்ளச் சீல கட்டிக்கிட்டு, ஆராதனை முடிஞ்சு வாசலுக்கு வாறோம், அப்பதான் அந்த ஆட்டோ வருது. அவ மடியில தலைய வச்சுக்கிட்டுக் கிடக்காரு. சட்டையெல்லாம் மண்ணு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, பிராந்திக் கடைப் பக்கம் கிடந்தாராம். கோயிலே நின்னு பாத்துது. கெசியா யாரையும் பாக்கல. என்னையும்தான்.

வீட்டுக்கு வந்தப்புறந்தான் சொல்லுதா. அவரு நல்லாக் குடிப்பாராம், கல்யாணத்துக்கு முன்னாலயே உண்டாம், அந்த ஒரு வருசம் ஊருக்கு வராதது ஆஸ்பத்திரியில சேத்திருந்ததாலயாம். குடிய நிறுத்தி ஒரு வருசத்துக்கு மேலாச்சாம். ஒரு சொட்டு நாக்குல படப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம், இருமல் மருந்துகூடப் பாத்துத்தான் குடிக்கணுமாம். இங்க தூத்துக்குடி கோயில் ஐயருக்கு எல்லாம் தெரியுமாம். அவரு அப்பத்த மட்டும் குடுத்து, கிண்ணத்தக் கொண்டு வராம அடுத்த ஆளுக்குப் போயிருவாராம். எங்க ஊருல அப்படிச் செஞ்சா ஏன், எதுக்குன்னு கேப்பாங்கன்னு இவரு பெஞ்சிலேயே உக்காந்துக்கிட்டாராம்.

நான் கேட்டேன். "ஏட்டி, பெத்த தாயிகிட்ட இத மொதல்லயே சொன்னா என்ன?" அதுக்கு அவ சொல்லுதா, "உங்கிட்ட சொன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள ஜெபக்குறிப்பு ஆயிரும்மா." வாய்கூசாமச் சொல்லுதா. இவளுக்காக நான் எத்தன வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்திருக்கேன் தெரியுமா?

கிண்ணத்துல இருக்கிறதுல போதை இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? சின்ன வயசுலருந்து குடிக்கேன். தொண்டையில லேசா ஒரு எரிச்சல், அவ்வளவுதான். அது கர்த்தருடைய ரத்தம். அது ஒரு மனுசனக் கெடுக்கும்னு நான் நினைப்பேனா? நானா ஊத்திக் குடுத்தேன்? ஐயரு குடுத்தாரு. அவரா வந்து, போறேன் அத்தேன்னாரு. யாரு கையப் பிடிச்சு இழுத்தா?

சரி, அதோட விட்டுருந்தா எல்லாம் ஆறிப் போயிருக்கும். நான்தான் அவருக்கு ஒரு நல்லது பண்ணணும்னு நினைச்சேன். இத நீங்க நல்லாக் கேளுங்க. ஊரு பூரா மாப்ளைக்கு இன்னொரு குடும்பம் இருக்குன்னு பேச்சு. அது அபாண்டம்லா? ஒரு மனுசன் பேரு அப்படிக் கெடலாமா? நான் ஈஸ்டர் முடிஞ்சு வந்த மொத வெள்ளிக்கிழமை கூட்டத்துல எந்திச்சேன். நேரா, தைரியமா, இந்தத் தடவ பேரையே சொல்லிட்டேன், ஏன்னா அவரு பேரக் காப்பாத்தணும்லா. "என் மருமவன் தனசிங்கப் பத்தி எல்லாரும் தப்பா நினைச்சிட்டோம். அவருக்குப் பொம்பளத் தொடர்பு கிடையாது. குடி மட்டுந்தான். ஆஸ்பத்திரியில வச்சு வைத்தியம் பாத்திருக்கு"ன்னு சொன்னேன். எல்லாரும் அழுது ஜெபிச்சாங்க. எமிலி மட்டும் எந்திச்சு வெளிய போயிட்டா. அவ எப்பவும் அப்படித்தான்.

அதுக்குத்தான் கெசியா போன் போட்டா. கத்தல, அழல. அமைதியாச் சொன்னா. "அம்மா, இனிமே எங்க வாசல் ஏறாத. பிரசவத்துக்கும் நான் அங்க வரல. அவரு முகத்தப் பாத்து, சந்தேகமே இல்லாம உன்னால எப்ப பேச முடியுதோ, அப்ப வா."

எங்க ஐயரு ஒரு நாள் வீட்டுக்கு வந்தாரு. சின்ன வயசுதான், எம் மவ வயசு இருக்கும். நாற்காலியில உக்காந்தாரு. "எங்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பம் மட்டும் குடுத்திருப்பேனேம்மா"ன்னாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்ணுனாரு பாருங்க, என்னா பிரசங்கம்! மத்தவங்களக் குத்தவாளின்னு தீர்க்காதீங்க, நீங்க எந்த அளவால அளக்கிறியளோ அதே அளவாலதான் உங்களுக்கும் அளப்பாங்கன்னு. அடுத்தவன் கண்ணுல கிடக்கிற துரும்பு தெரியுது, உன் கண்ணுல கிடக்கிற உத்திரம் தெரியலியான்னு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. டெய்சி காதுல விழுதான்னு நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தேன். அவளுக்குன்னே சொன்ன மாதிரி இருந்துச்சு. அவ என்னடான்னா என்னையே பாத்துக்கிட்டு இருக்கா! சில பேருக்கு எவ்வளவு சொன்னாலும் உறைக்காது.

அதோட ஜெபக்குறிப்பையும் ஐயரு நிறுத்திட்டாரு. வாயத் தொறந்து சொல்லப்படாதாம், மனசுக்குள்ளயே வச்சுக்கிடணுமாம். இப்ப வெள்ளிக்கிழமை போனா எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கோம். கூட்டம் பாதியாயிட்டு. சும்மா உக்காந்திருக்க யாரு வருவா?

எனக்கு அலுத்துப் போச்சும்மா. நல்லது நினைச்சு நினைச்சு அலுத்துப் போச்சு. கண்ணத் தொறந்தா எல்லாருடைய தப்பும் எனக்குத் தெரியுது. நான் தேடிப் போகல, தன்னால தெரியுது. ஒருத்தி சீல கட்டிட்டு நடந்து போனா, அவ வீட்டுல என்ன நடக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருது. இந்தா, கீழ் வீட்டுப் பொண்ணு போன் பேசிக்கிட்டே படியில சிரிச்சுக்கிட்டு நின்னா, அது யாரு கூடப் பேசுறதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சத வச்சுக்கிட்டு என்ன பண்ண? எறக்கி வைக்க ஒரு இடம் வேணும்லா? அது ஒரு பாரம்மா. ராத்திரி படுத்தா நெஞ்சுமேல உக்காந்திருக்கும். மத்தவங்க எப்படித்தான் எதையும் பாக்காம, எதையும் நினைக்காம, நிம்மதியாச் சாப்பிட்டுத் தூங்குதாங்களோ. எனக்கும் அப்படி ஒரு நாள் இருக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு. முடியமாட்டேங்கு.

ஆனா இன்னைக்கு நான் அப்படி வரல. சத்தியமாச் சொல்லுதேன். பஸ்ஸுல நின்னுக்கிட்டே ஜெபம் பண்ணிட்டுதான் வந்தேன். மாப்ளையப் பாத்தா மனசுல ஒண்ணுமே வச்சுக்கிடாம, எம் மவனா இருந்தா எப்படிப் பேசுவேனோ, அப்படிப் பேசணும்னு. சுத்தமான மனசோட வந்திருக்கேன். அவ தொறந்தான்னா என் முகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிடுவா. தொறக்கலன்னா இந்தப் பையையாவது நீங்க வாங்கிக்கிடணும். பிள்ளை பெத்தவ உளுந்தங்களி சாப்பிடாட்டி இடுப்புக்குப் பலம் இருக்காது. யாரு கிண்டிக் குடுப்பா? நீங்கதான் கிண்டிக் குடுக்கணும்.

யாரோ படி ஏறி வாறாங்க. கெசியாவா? இல்ல, ஆம்பள நடை.

மாப்ள!

இருக்கட்டும் மாப்ள, எந்திக்கேன். ஒண்ணுமில்ல, முட்டுதான். நான் இப்பதான் வந்தேன். இல்ல, ரொம்ப நேரமாகல. இந்த அம்மா காப்பி குடுத்தாங்க. உள்ள எல்லாம் வரல மாப்ள, கெசியா வரட்டும், அவ என்ன சொல்லுதாளோ... சாவிய இந்த அம்மாகிட்ட வாங்கிக்கோங்க. பைய விடுங்க மாப்ள, கனக்கும், நானே தூக்குதேன். விடுங்கன்னா கேக்கமாட்டேங்கிய.

என்ன சொல்லுதிய? அவகிட்ட நீங்க பேசியாச்சா? எப்ப? உங்க அம்மா போனா உனக்கு வேற அம்மா உண்டான்னு நீங்களா சொன்னிய? அவளும் சரின்னுட்டாளா? அடுத்த வாரம் நீங்களே கொண்டாந்து விடுதியளா? மாப்ள... இல்ல, அழல. நீங்க போங்க, போயி முகம் கழுவுங்க, வேலை பாத்துட்டு வந்திருக்கிய. டீயா? நீங்க போடுதியளா? சரி. நான் இந்த டம்ளரக் குடுத்துட்டு இன்னா வாறேன்.

பாத்தியளாம்மா? எவ்வளவு தன்மையாப் பேசுதாரு. அத்தேன்னு வாய் நிறையக் கூப்பிட்டாரு. ஒரு வார்த்தை குத்திக் காட்டணுமே, கிடையாது. அவராப் பேசி எம் மவள எனக்குத் திருப்பித் தாறாரு. இப்படி ஒரு மனுசனா?

வாறேன் மாப்ள! இன்னா வந்துட்டேன்!

யம்மா, கொஞ்சம் கிட்ட வாங்க. இது கெசியாவுக்குத் தெரிய வேண்டாம். சாவி குடுக்கும்போது நீங்கதான் அவருக்கு ரொம்பப் பக்கத்துல நின்னிய. வாயில வாடை எதும் அடிச்சுதா? இல்லியா? நல்லாத் தெரியுமா? ஏன் அப்படிப் பாக்கிய, நான் ஒண்ணும் குத்தமாக் கேக்கலம்மா. தெரிஞ்சா ஜெபிக்கலாம்லா.